நடுவில் ஒரு ‘கொள்’

எங்கள் மொழித்துறையில் இலக்கணம் நடத்துகிறவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அறைக் கதவில் பலகையாகத் தொங்குகிறது. அதை யாரும் நின்று படித்ததாக எனக்குத் தெரியவில்லை. மாணவர்களுக்கு அவர் ‘பாத்துக்கலாம் சார்’. துறைத் தலைவருக்கே ஒருமுறை வாய் தவறி அந்தப் பெயர் வந்துவிட்டது, அதுவும் கூட்டத்தில், மைக் முன்னால். இவர் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து நின்று, “சொல்லுங்க சார்” என்றார்.

துறையில் நான் அவருடன் ஒரே அறையில் மேசை போட்டிருக்கிறவள். பழைய பாட்டுகள் நடத்துகிறேன். எங்கள் இருவருக்கும் நடுவே ஓர் இரும்பு பீரோ நிற்கிறது. முகம் தெரியாது, குரல் கேட்கும். அறைக்கு அந்தப் பக்கம், பலகைத் தடுப்புக்கு அப்பால், வகுப்பறை. அங்கே யார் தும்மினாலும் எனக்குக் கேட்கும். நான் ஒட்டுக்கேட்கிறேன் என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் வந்து இங்கே உட்கார்ந்து பார்க்கட்டும். காதைப் பொத்திக்கொண்டே விடைத்தாள் திருத்த எனக்கு மூன்றாவது கை கிடையாது.

அந்தச் சொல் அவர் வாய்க்கு எப்படி வந்தது என்பதை, மின்சாரம் போன ஒரு மத்தியானம், பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவரே சொன்னார். அவர் படித்ததும் இதே பல்கலைக்கழகத்தில்தான். வீட்டில் அதற்கு முன் யாரும் இந்த வாசலை மிதித்ததில்லை. அப்பா லாரி ஓட்டினார். அம்மா தையல் ஆலையில் சட்டைகளுக்குப் பொத்தான் வைத்தார். எந்த ஜன்னலில் நிற்க வேண்டும், யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இல்லை. ஒரு தேர்வு நாளில் காய்ச்சல் கொதிக்கக் கொதிக்கத் தன் ஆசிரியர் முன்னால் போய் நின்றிருக்கிறார். “உடம்பு முடியல சார்” என்றதற்கு அந்த மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “அதுக்கு நான் என்ன பண்ண?” என்று கேட்டாராம்.

“அவர் கேட்டது தப்பில்ல மேடம். நெஜமாவே அவரால ஒண்ணும் பண்ண முடியாதுதான். ஆனா அவர் ஏதாச்சும் பண்ணுவார்னு நான் போகல” என்றார் இவர்.

“பின்ன எதுக்குப் போனீங்க?”

“போறதுக்கு வேற ஆள் இல்ல.”

தான் ஆசிரியரானபோது, தன் முன்னால் வந்து நிற்கிற எந்தப் பிள்ளையும் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டு திரும்பிப் போகக் கூடாது என்று நினைத்திருக்கிறார். ‘அதுக்கு நான் என்ன பண்ண’வுக்கு அவர் கண்டுபிடித்த மாற்றுதான் ‘பாத்துக்கலாம்’. கட்டுரைக்குத் தலைப்பு கிடைக்கவில்லையா, பாத்துக்கலாம். தங்கியிருந்த அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களா, பாத்துக்கலாம். காதலித்தவள் வேறொருவனோடு போய்விட்டாளா, அதற்கும் பாத்துக்கலாம். அதில் இவர் எதைப் போய்ப் பார்த்துக்கொள்வார் என்று நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஆனால் பாதிக்கு மேல் உண்மையாகவே பார்த்துக்கொண்டார். அலைந்தார், போன் போட்டார், அலுவலகத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பல்லைக் காட்டினார். மீதியைப் பிள்ளைகளே சரிசெய்துகொண்டார்கள், அந்தச் சொல் கொடுத்த தெம்பில்.

‘பாக்கலாம்’ வேறு, ‘பாத்துக்கலாம்’ வேறு. தமிழ் பேசுகிற எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. வேலை கேட்டுப் போன இடத்தில் ‘பாக்கலாம்’ என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். டாக்டர் ‘பாக்கலாம்’ என்றால் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான். ‘பாத்துக்கலாம்’ என்று ஒருவர் சொன்னால் அன்று ராத்திரி தூக்கம் வரும். இந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டடங்களையும் விதிகளையும் பார்த்து எந்தப் பிள்ளைக்கும் நம்பிக்கை வந்ததாக நான் அறியேன். யாரோ ஓர் ஆசிரியர் வாயிலிருந்து வந்த ஏதோ ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் இங்கே காலம் தள்ளுகிறார்கள்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டபோது அதையும் பாத்துக்கலாம் என்று தள்ளிப்போட்டிருப்பார். மாடியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தார். வேறு ஊரில் இருக்கிற அக்கா ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார். சாப்பிட்டியா, என்ன சாப்பிட்ட, உடம்பு எப்படி இருக்கு, அதற்குள் அக்காவின் பேரன் போனைப் பிடுங்கிக்கொள்வான். அவ்வளவுதான் சொந்தம். மற்றபடி எங்கள் அறைதான் அவருக்கு வீடு. மேசைக்கு எதிரே கிடந்த நாற்காலிகள்தான் குடும்பம். பிளாஸ்டிக் நாற்காலிகளும், கால் குட்டையான மர நாற்காலி ஒன்றும். குட்டைக் காலுக்கு அடியில் பழைய கேள்வித்தாளை மடித்து வைத்திருந்தார். வகுப்பு முடிந்தால் அவை நிரம்பிவிடும். நிற்கிறவர்கள் என் பீரோவில் சாய்ந்துகொண்டு நிற்பார்கள். சத்தம் தாங்காமல், “இது என்ன சந்தையா?” என்று இந்தப் பக்கமிருந்து கத்துவேன். “மன்னிச்சுக்கங்க மேடம்” என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். மறுபடி சந்தை கூடும்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தியைச் ‘சந்தேகம்’ என்று கூப்பிட்டார்கள். அவர்தான் அந்தப் பெயரை வைத்தார். வாயைத் திறந்தாலே, “சார், ஒரு சந்தேகம்” என்றுதான் ஆரம்பிப்பாள். ஒன்று என்று சொல்லிவிட்டு வரிசையாகக் கேட்பாள். ‘நாளைக்கு வர்றேன்’ என்பதில் நாளை இருக்கும்போது வினை ஏன் நிகழ்காலத்தில் நிற்கிறது? ‘போயிட்டு வர்றேன்’ என்கிறவன் வராவிட்டால் அது பொய்யா? அவர் சொக்கிப்போய்ப் பதில் சொல்வார். தெரியாததைத் தெரியாது என்பார். அவள் போனபிறகும் பீரோவுக்கு அந்தப் பக்கம் தனக்குத்தானே எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார். அவரை முழுக்க முழுக்க நம்பியவள் பெயர் சந்தேகம். வேடிக்கைதான்.

அவளுடைய அப்பா வேலை செய்த இடத்தில் சாரம் சரிந்து இடுப்பெலும்பு உடைந்து படுக்கையில் விழுந்தார். அம்மா இல்லாத வீடு. மருத்துவமனையில் இவள்தான் கூட இருந்தாள். வாரக்கணக்கில் வகுப்புக்கு வர முடியவில்லை. வருகை குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள். மருத்துவமனைச் சான்றோடு வகுப்பு ஆசிரியர் வழியாக விலக்குக் கேட்க வேண்டும், அதற்கு ஒரு கடைசித் தேதி உண்டு. வகுப்பு ஆசிரியர் இவர்தான். ஒரு நாள் மருத்துவமனையிலிருந்து நேரே ஓடி வந்தாள். மர நாற்காலியில் உட்கார்ந்த சத்தம் எனக்குக் கேட்டது.

“சார், வருகை குறையுது. என்ன பண்றதுன்னு தெரியல.”

“அப்பா எப்படி இருக்கார்?”

“நாளைக்கு ஆபரேஷன் சார்.”

“முதல்ல அவரைக் கவனி. இதப் பாத்துக்கலாம்.”

அவள் பெரிதாக மூச்சு விட்டாள். எழுந்து போய்விட்டாள்.

இவர் என்ன நினைத்தார் என்று பிறகு எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். அவள் திரும்பி வருவாள், சான்றைக் கொண்டுவருவாள், அப்போது கையெழுத்துப் போட்டு அனுப்பலாம் என்று நினைத்தாராம். அவள் என்ன நினைத்தாள் என்பதைக் கேட்கத் தேவையே இல்லை. சார் பாத்துக்குவார் என்று நினைத்தாள். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் துண்டை விரித்துப் படுத்திருந்தவளுக்குக் கடைசித் தேதி எது என்று எப்படித் தெரியும்? இவருக்குத் தெரியும். விடைத்தாள், கூட்டம், கருத்தரங்கு என்று ஓடிக்கொண்டிருந்ததில் அந்தத் தேதி அவர் கண்ணெதிரிலேயே கடந்து போயிற்று.

நுழைவுச்சீட்டு வாங்கப் போன இடத்தில் அவள் பெயர் இல்லை.

மறுபடி இவரிடம்தான் ஓடி வந்தாள். இவரும் தேர்வுப் பிரிவுக்கு ஓடினார், கெஞ்சினார், நடக்கவில்லை. அவள் மேல்முறையீடு செய்தாள். விசாரணைக்கு ஒரு குழு போட்டார்கள். விதியில் ஒரே ஒரு சந்து இருந்தது. துறையின் தவறால் விண்ணப்பம் வரவில்லை என்று நிரூபணமானால் மாணவியை எழுத அனுமதிக்கலாம். அதாவது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன், நான்தான் விட்டுவிட்டேன் என்று இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் தேர்வு எழுதுவாள். இவருக்கு ஒரு மெமோ வரும். இவருடைய பதவி உயர்வுக் கோப்பு அப்போதுதான் மேலே போயிருந்தது.

விசாரணை நாள் காலையில் அவர் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். “உள்ளத உள்ளபடி சொல்லிட்டு வாங்க” என்றேன். தலையாட்டினார்.

நடந்ததைத் துறைத் தலைவர் வந்து சொன்னார். அதை அவர் ஏதோ நாங்கள் பந்தயத்தில் வென்ற மாதிரி சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. குழுத் தலைவர், “நீங்க பொறுப்பேத்துக்கிட்டீங்களா?” என்று கேட்டிருக்கிறார். அவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பாடம் நடத்தியிருக்கிறார். தான் சொன்ன சொல் ‘பாத்துக்கலாம்’ என்பது. அதன் ஈறு ‘லாம்’. ‘லாம்’ என்பது வாய்ப்பையும் இசைவையும் காட்டும், உறுதியைக் காட்டாது. ‘மழை வரலாம்’ என்றால் மழை வரும் என்று யாரும் வாக்குக் கொடுத்துவிடவில்லை. எனவே தான் எந்த உறுதியும் அளிக்கவில்லை.

“குழுவுல ஒருத்தர் கையே தட்டிட்டார். அருமையான விளக்கம்னு” என்றார் துறைத் தலைவர்.

“அந்தப் பொண்ணு?”

“அது ஒண்ணும் பேசல. கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நல்ல பொண்ணு.”

பயம் வந்தால் சிலர் கடவுளைக் கூப்பிடுவார்கள், சிலர் வக்கீலைக் கூப்பிடுவார்கள். இவர் இலக்கணத்தைக் கூப்பிட்டிருக்கிறார். அதுவும் ஓடி வந்து காப்பாற்றிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பீரோவைச் சுற்றிக்கொண்டு அவர் மேசைக்கே போய்விட்டேன்.

“பஸ்ல கண்டக்டர் ‘போலாம்’னு கத்தறாரே, அது வாய்ப்பா சார்? வண்டி நகர்ந்தாச்சு! வீட்டுக்கு வந்தவங்களப் பாத்து ‘சாப்பிடலாம்’னு சொன்னா, அது இசைவா? தட்டுல சோறு விழுந்தாச்சு! இலக்கணம் படிச்ச உங்களுக்கு இது தெரியாது?”

அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். “தெரியும் மேடம்” என்றார்.

“அப்ப போய்ச் சொல்லுங்க.”

“முடிவு எழுதிட்டாங்க. நாளைக்குத் தேர்வு ஆரம்பம்.”

நான் என் பக்கத்துக்குத் திரும்பி வந்துவிட்டேன். அவளுக்கு ஒரு வருடம் போயிற்று. விட்டுப்போன தாள்களை அடுத்த ஆண்டு மறுபடி வகுப்பில் உட்கார்ந்து முடித்தால்தான் பட்டம். இவர் அவளைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார். அவள், “பரவாயில்ல சார்” என்றாளாம். திட்டியிருந்தால் பிழைத்திருப்பார்.

மற்ற பிள்ளைகள் கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை. மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. எழுந்து நின்றார்கள், வணக்கம் சொன்னார்கள். ஒரே ஒரு மாற்றம்தான். அவர் எதைச் சொன்னாலும் கடைசியில், “அத மெயில்ல போட்டுடுங்க சார்” என்றார்கள். நாளைக்கு வகுப்பு உண்டு என்றால், மெயில்ல போட்டுடுங்க சார். இந்தப் பகுதி தேர்வுக்கு வராது என்றால், மெயில்ல போட்டுடுங்க சார். தலைப்பு நன்றாக இருக்கிறது, எழுதலாம் என்று ஒருவனிடம் சொன்னார். அவன் பணிவாகத் தலையைச் சொறிந்துகொண்டு, “எழுதலாம்னா, எழுதச் சொல்றீங்களா, இல்ல எழுதினாலும் எழுதலாமா சார்?” என்று கேட்டான். கிண்டல் செய்கிறானோ என்று காதைத் தீட்டினேன். கிண்டலே இல்லை. பையன் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அதுதான் கொடுமை.

அதற்குப் பிறகு அவர் ‘பாத்துக்கலாம்’ என்று சொல்வதையே விட்டுவிட்டார். ‘லாம்’ வருகிற இடமெல்லாம் சுற்றிப்போனார். முடியும், முடியாது, தெரியும், தெரியாது. டீ குடிக்கலாமா என்று கேட்கிறவர், “டீ குடிக்கிறீங்களா மேடம்?” என்றார். நாள் முழுக்கத் தட்டச்சு சத்தம்தான் கேட்கும். வகுப்பில் சொன்னதை எல்லாம் உட்கார்ந்து மெயிலாக அடித்துக்கொண்டிருப்பார். பதவி உயர்வு வந்தது. கதவுப் பலகையில் பெயருக்கு முன்னால் ‘பேராசிரியர்’ என்று சேர்த்து எழுதினார்கள். அதையும் யாரும் படிக்கவில்லை.

நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. பக்கத்துத் துறையிலிருந்து ஓர் உதவியாளர் வந்து எட்டிப் பார்த்தார்.

“யாரும் உக்கார்றதில்ல போலருக்கே சார். எங்களுக்கு ஆள் நெறைய. எடுத்துக்கலாமா?”

“எடுத்துக்கங்க.”

பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய்விட்டன. ஆடுகிற மர நாற்காலியை அவர்களும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கத்துவதற்கு எனக்குச் சந்தை இல்லாமல் போயிற்று. சத்தம் போய்த் தொலைந்தால் போதும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். போன பிறகு அந்த அறையில் உட்கார எனக்கே பிடிக்கவில்லை. அவர் மாலையில் விளக்கைப் போடக்கூட மறந்து உட்கார்ந்திருப்பார். “வீட்டுக்குப் போகலயா சார்?” என்று கேட்டால், “போகணும்” என்பார். போய் என்ன செய்வது என்று அவர் கேட்காததை நான் புரிந்துகொள்வேன். ஒரு ஞாயிறு கழிந்த மறுநாள், “அக்கா போன் பண்ணாங்களா?” என்றேன். “பண்ணாங்க. பேச ஒண்ணும் இல்ல. முன்னெல்லாம் பசங்களப் பத்திச் சொல்லுவேன்” என்றார்.

அடுத்த ஆண்டு அவள் வந்தாள். இலக்கணத் தாளை நடத்துகிறவர் இவர் ஒருவர்தான். தப்பிக்க வழி இல்லை. தன்னைவிட இளையவர்களோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் அவள் குரலுக்காகக் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார் என்று தெரியும். ஒவ்வொரு பகுதியையும் முடித்துவிட்டு, “ஏதாவது சந்தேகம்?” என்று கேட்டு, வழக்கத்தைவிடக் கூடுதலாக நிறுத்துவார். சந்தேகத்துக்குச் சந்தேகமே வரவில்லை. பாடத்திட்டத்தில் ‘லாம்’ வருகிற பகுதியை அவர் முன்னே தள்ளினார், பின்னே தள்ளினார், மற்றதை எல்லாம் முடித்தார். கடைசியில் அது மட்டும் மிஞ்சியது.

அன்று சுண்ணக்கட்டி பலகையில் உரசுகிற சத்தம் கேட்டது. “‘பார்த்து’ன்னு எழுதறேன்” என்றார். “கொஞ்சம் இடம் விட்டு ‘லாம்’” என்றார்.

“நாம பேசறப்ப ‘பாத்துக்கலாம்’னு சொல்றோம். எழுதறப்ப பார்த்துக்கொள்ளலாம். இங்க நடுவுல ஒரு இடம் விட்டிருக்கேன். அங்க என்ன இருக்கு?”

பெஞ்சு கிரீச்சிட்டது. யாரோ இருமினார்கள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. “கொள்.”

அந்த ஆண்டில் அவள் அவரிடம் பேசிய முதல் சொல் அது.

“கொள்” என்றார் அவர். எழுதினார். சுண்ணக்கட்டி உடைந்து விழுந்தது. “துணைவினை. என்ன பொருள்?”

அவரே சொன்னார்.

“தன் மேல எடுத்துக்கறதுன்னு பொருள். வச்சுக்கறேன், ஏத்துக்கறேன், பாத்துக்கறேன், எல்லாத்துலயும் இதுதான் இருக்கு. போன வருஷம் ஒரு விசாரணையில என்னைக் கேட்டாங்க. நான் ‘லாம்’ பத்தி மட்டும் சொன்னேன். சொன்னதெல்லாம் சரி. புத்தகத்துல இருக்கு. ஆனா இந்தக் ‘கொள்’ள முழுங்கிட்டேன். மறந்து போய் இல்ல. தெரிஞ்சே முழுங்கினேன். பயந்துட்டேன். ஒரு வாத்தியார் பாத்துக்கலாம்னா, நான் இருக்கேன்னு அர்த்தம். அப்படித்தான் நானும் சொன்னேன். அப்படிச் சொல்லலன்னு அங்க போய் நிரூபிச்சுட்டு வந்தேன். குறிச்சுக்கங்க. தேர்வுக்கு வரும்.”

மணி அடித்ததும் எல்லாரும் வெளியேறினார்கள். இந்தத் தடவை யாரும் மெயில் கேட்கவில்லை. அவர் வந்து தன் இருக்கையில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கதவருகே செருப்புச் சத்தம் நின்றது.

“வாம்மா. உக்காரு.”

அவள் உட்காரவில்லை. “இத அன்னிக்கே அங்க சொல்லியிருந்தா நான் எழுதியிருப்பேன் சார்.”

“ஆமா.”

“இப்ப சொல்லி எனக்கு என்ன சார்?”

“ஒண்ணும் இல்ல.”

எனக்கு அழுகை வந்தது. அவருக்காகவா அவளுக்காகவா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் அப்பா நடமாடுகிறாரா என்று அவர் கேட்டார். கம்பு வைத்து நடக்கிறார் என்றாள். போகத் திரும்பியவள், “அடுத்த வகுப்பு என்னைக்கு சார்?” என்றாள்.

“வெள்ளிக்கிழமை. காலையில. நான் வர்றேன்.”

“சரி சார்.”

அவர் விரல்கள் விசைப்பலகையில் போய் உட்கார்ந்த சத்தம் கேட்டது. பழக்கம். அவள் மெயில் கேட்பாள் என்று காத்திருந்தார். அவள் கேட்கவில்லை. செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் போய்க் கரைந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் காற்று மரங்களை வேரோடு பிடித்து ஆட்டியது. மழை குறுக்குவாட்டில் அடித்தது. நான் பணியாளர் குடியிருப்பிலேயே இருக்கிறவள். மெயில் பார்ப்பது வேண்டாவெறுப்பாக எப்போதாவதுதான். குடையை வளைத்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தால், கட்டடமே பூட்டிய கடை மாதிரி இருந்தது. காவலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். “இன்னைக்கு லீவு மேடம். விடிகாலையிலயே ஆபீஸ்ல எல்லாருக்கும் மெயில் போட்டுட்டாங்க. நீங்களும் சாரும்தான் வந்திருக்கீங்க.”

வகுப்பறையில் விளக்கு எரிந்தது. அவர் நனைந்த சட்டையோடு மேசை பக்கத்தில் நின்று பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பஸ் மாறி வர வேண்டிய மனிதர்.

“மெயில் வந்துச்சாமே, பாக்கலயா சார்?”

“பாத்தேன் மேடம்.”

“அப்ப ஏன் இந்த மழையில? அந்தப் பொண்ணுக்கும்தான் மெயில் போயிருக்கும்.”

“போயிருக்கும். ஆனா வர்றேன்னு அவ கிட்ட சொல்லியிருக்கேன். அவ எழுதிக் கேக்கல.”

எனக்குக் கோபம் வந்தது, பரிதாபமும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு அறைக்கு வந்து உட்கார்ந்தேன். வகுப்பு மணி அடிக்கிறவர்கூட வரவில்லை. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் நடப்பதும் நிற்பதும் கேட்டது. அவள் வரமாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். வீட்டில் கம்பு ஊன்றி நடக்கிற அப்பா. ஊரே அடைந்து கிடக்கிற நாள். புத்தியுள்ள எவளும் வரமாட்டாள். வகுப்பு நேரம் ஏறக்குறைய பாதி போய்விட்டது. போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு டீயாவது குடிக்க வைக்கலாம் என்று எழுந்து, பீரோவைச் சுற்றி அவர் மேசையருகே வந்தேன்.

தாழ்வாரத்தில் ஈரச் செருப்பு வழுக்குகிற சத்தம் கேட்டது.

“பஸ்ஸ நிறுத்திட்டாங்க சார். நடந்து வந்தேன்.”

“மெயில் பாக்கலயாம்மா?”

“பாத்தேன் சார்.”

“அப்புறம் ஏன் வந்த?”

துப்பட்டாவைப் பிழிந்த தண்ணீர் தரையில் சொட்டுவது கேட்டது.

“நீங்க வர்றீங்களான்னு பாக்கலாம்னு வந்தேன்.”

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தது அவர் மேசைக்கு எதிரே கிடந்த மர நாற்காலியில். அது ஆடியது.

“உக்காரு” என்றார் அவர். பிறகு சுண்ணக்கட்டியை எடுத்தார். பாடம் ஆரம்பித்தது. வெறும் பெஞ்சுகளுக்கு நடுவே ஒருத்திக்காக, முழு வகுப்புக்கும் நடத்துகிற அதே குரலில் நடத்தினார். ஒரு பகுதியை முடித்துவிட்டு, வழக்கம்போல், “ஏதாவது சந்தேகம்?” என்று கேட்டார்.

மழை கொஞ்சம் ஓய்ந்திருந்ததால் எனக்கு நன்றாகவே கேட்டது.

“ஒண்ணு இருக்கு சார்” என்றாள்.